ஜூரா மலையில் சுழன்ற காற்று



மலை சூழ்ந்த ஊருக்குப் பெருங்காற்று வராது என்று ஒரு நம்பிக்கை உலகத்தில் பல இடங்களில் உண்டு. மலை மதில்போல நிற்கும், காற்று அதில் மோதி உடைந்துபோகும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றுப் பதிவுகளைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. அப்படி ஒரு மலையின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். மலையின் பெயர் ஜூரா.

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு வைகையும் தாமிரபரணியும் தெரிவதற்கு முன்பே சேன் நதியும் லுவார் நதியும் தெரியும். பிரான்சின் மலைகளை வரிசையாக ஒப்பிக்க வேண்டும்: வோழ், ஜூரா, ஆல்ப்ஸ், மத்திய மேட்டுநிலம், பிரெனே. இதில் ஆல்ப்சுக்கு வெண்பனி உண்டு, மோன்பிளான் உண்டு. பிரெனேவுக்கு ஸ்பெயின் எல்லை உண்டு. ஜூராவுக்குச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. மிக உயர்ந்த சிகரமே சுமார் 1,720 மீட்டர்தான். நம் உதகமண்டலம் இதைவிட உயரம். பாய்மரத் துணியை இரு பக்கமும் தள்ளினால் மடிப்பு மடிப்பாக எழுமே, அதுபோல சுண்ணாம்புப் பாறை மடிப்புகள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வரிசையாகக் கிடக்கின்றன. மடிப்புகளுக்கு நடுவே நீண்ட பள்ளத்தாக்குகள். ஒரு பக்கம் பிரான்ஸ், மறுபக்கம் சுவிட்சர்லாந்து. பாலாடைக்கட்டி, கைக்கடிகாரம், புகைக்குழாய் இவற்றுக்குப் பேர்போன பூமி. குளிருக்கும் பேர்போனது. சுவிஸ் ஜூராவில் உள்ள லா ப்ரேவீன் என்ற ஊரில் 1987 ஜனவரி 12 அன்று பூஜ்யத்துக்குக் கீழே 41.8 டிகிரி பதிவாகியிருக்கிறது.

இப்படிப்பட்ட குளிர்ந்த மலைநாடுதான் ஐரோப்பாவில் கடுமையான சூறாவளிகள் திரும்பத் திரும்ப வந்த இடங்களில் ஒன்று.

மேலே போவதற்கு முன் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நம் கடற்கரையில் புயல் என்று சொல்வது வேறு, நான் இங்கே சொல்லும் சூறாவளி வேறு. புயல் கடலில் பிறக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். நாள் கணக்கில் வாழ்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது அது வருகிறது என்று பல நாள் முன்பே அறிவித்திருந்தார்கள். சூறாவளி அப்படியல்ல. இடிமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கைபோல இறங்கி, தரையைத் தொட்டுச் சுழன்றுகொண்டே ஓடும். அகலம் சில நூறு மீட்டர். ஓர் இடத்தைக் கடக்கச் சில நிமிடங்கூட ஆகாது. ஆனால் அந்தச் சிறிய வட்டத்துக்குள் காற்றின் வேகம் எந்தப் புயலையும் மிஞ்சிவிடும். சித்திரை வெயிலில் பொட்டல்காட்டில் சருகையும் புழுதியையும் தூக்கிச் சுழலும் பேய்க்காற்றை எல்லோரும் பார்த்திருப்போம். பார்வைக்கு அதன் பெரிய அண்ணன்போல இருந்தாலும் இது பிறக்கும் விதம் வேறு. பேய்க்காற்றுக்கு மேகம் வேண்டாம். சூறாவளிக்குப் பெரிய இடிமேகம் வேண்டும்.

பிரெஞ்சில் இதற்குப் பழைய பெயர் 'த்ரோம்ப்'. இப்போது 'தொர்னாத்' என்கிறார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஜூரா மக்கள் இதைச் 'சீக்ளோன்' என்றே சொன்னார்கள். அந்தச் சொல் போன தூரத்தை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சைக்ளோன் என்ற சொல்லை உருவாக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். முன்னாள் கப்பல்காரர். வங்கக்கடல் புயல்களை ஆராய்ந்து, பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை எடுத்து, 1848இல் மாலுமிகளுக்காக எழுதிய நூலில் வெளியிட்டார். நம் வங்கக்கடல் புயலுக்கு வைத்த பெயர் நாற்பது ஆண்டு சொச்சத்துக்குள் கடலே இல்லாத ஒரு மலைக்குப் போய், அங்கே வேறொரு காற்றுக்குப் பெயராகிவிட்டது.

இனி 1890க்கு வருவோம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் மேற்கு ஐரோப்பாவில் வெக்கையும் இடிமழையுமாக இருந்தது. ஆகஸ்ட் 18 இரவு பாரிசுக்கு மேற்கே த்ரே என்ற ஊரைச் சூறாவளி தாக்கியது. மறுநாள், ஆகஸ்ட் 19 மாலை, ஜூராவின் முறை. ஒயோனா பக்கத்தில் தொடங்கிய சேதம் வடகிழக்காக நகர்ந்து சேன் குளோத் நகரத்துக்கு வந்தது. சேன் குளோத் இரண்டு ஆறுகள் கூடும் ஆழமான பள்ளத்தில், சுற்றிலும் செங்குத்து மலைகளோடு இருக்கும் ஊர். புகைக்குழாய் செய்வதும் வைரம் பட்டை தீட்டுவதும் தொழில். காற்றுக்கு எட்டாத ஊர் என்று யாரைக் கேட்டாலும் இதைத்தான் காட்டுவார்கள். அங்கேதான் கூரைகள் பறந்தன, சுவர்கள் இடிந்தன, உயிர்கள் போயின.

அதோடு காற்று ஓயவில்லை. கடல்மட்டத்துக்கு 400 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கும் சேன் குளோத்திலிருந்து, 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே ரூஸ் மேட்டுப்பகுதிக்கு ஏறியது. புவா தாமோன் கிராமத்தைக் கடந்து எல்லை தாண்டி, கடிகாரத் தொழிலாளர்கள் வாழும் சுவிட்சர்லாந்தின் வல்லே தே ழூ பள்ளத்தாக்கில் நுழைந்தது. அங்கிருந்து மீண்டும் மலைமுதுகு ஏறி இறங்கி, குருவா என்ற ஊர்ப்பக்கம் போய் அடங்கியது. ஒயோனாவுக்கும் குருவாவுக்கும் நேர்க்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நடுவே எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம்! வழியெங்கும் காடுகளில் ஊசியிலை மரங்கள் ஒரு நீண்ட பட்டையாகச் சாய்ந்து கிடந்தன. மலை மதிலாக நின்றது உண்மை; காற்று அந்த மதிலின் மேல் ஏறி நடந்துபோனதும் உண்மை.

தேதியில் ஒரு பொருத்தம் உண்டு. அதற்குச் சரியாக 45 ஆண்டுகளுக்கு முன், 1845 ஆகஸ்ட் 19 அன்று, நோர்மாந்தியில் மோன்வில் என்ற ஊரில் சூறாவளி பஞ்சாலைகளைத் தரைமட்டமாக்கியது. வேலைநேரத்தில் ஆலைக்குள் இருந்த தொழிலாளர்கள் எழுபது பேருக்கு மேல் மாண்டார்கள். ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்து வாழ்க்கை நடத்திய நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் துயரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

சேன் குளோத் சேதத்தைப் பார்த்த அறிஞர்களுக்குள் பெரிய வாதம் எழுந்தது. இந்தக் காற்று கீழிருந்து மேலே உறிஞ்சுகிறதா, மேலிருந்து கீழே துளைக்கிறதா என்று ஒரு சண்டை. ஹெர்வே ஃபாய் என்ற புகழ்பெற்ற வானியலாளர், ஆற்றில் நீர்ச்சுழி கீழே இறங்குவதுபோல இது மேலிருந்துதான் இறங்குகிறது என்று பல ஆண்டுகள் வாதாடினார். இன்னொரு கட்சி, இது காற்றே அல்ல, மின்சாரம் என்றது. மின்னலும் இடியும் கூடவே வருவதால் அப்படி நினைக்க இடமிருந்தது.

மின்சாரமா காற்றா என்ற கேள்வி அறிஞர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. அதில் பணம் இருந்தது. 1839 ஜூன் 18 அன்று பாரிசுக்கு வடக்கே ஷத்னே என்ற இடத்தில் சூறாவளி ஒரு பெரிய மாளிகையைச் சேதப்படுத்தியது. உரிமையாளர் காப்பீடு வைத்திருந்தார். ஆனால் அது தீக்கும் மின்னலுக்குமான காப்பீடு, காற்றுக்கு இல்லை. மின்னல் என்றால் பணம் வரும், காற்று என்றால் வராது! அந்த இடத்தை ஆராய்ந்தவர் பெல்தியே. கடிகாரத் தொழிலில் தொடங்கி இயற்பியல் அறிஞரானவர். இன்றும் அவர் பெயரில் ஒரு மின்விளைவு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவர் பார்த்துவிட்டு, காரணம் மின்சாரமே என்ற முடிவுக்கு வந்தார். மறு ஆண்டே அதைப் பெரிய நூலாகவும் எழுதினார். அறிவியல் பிற்பாடு அந்த முடிவை ஏற்கவில்லை. சூறாவளி காற்றுதான், சுழன்று மேலேறும் காற்று.

அரசு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் காலம் கழித்த எனக்கு இந்த ஷத்னே கதையைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஏனென்றால் காற்றுக்கு என்ன பெயர் என்பது கோப்பில் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நிவாரண மனுக்கள் குவியும் நாட்களில், 'புயலில் கூரை போயிற்று' என்ற மனுவுக்கு ஒரு பாதை உண்டு. அதே கூரை கோடை இடிமழையில் போயிருந்தால் பாதையே தெரியாது. ஒரு முதியவர், அறிவிக்கப்பட்ட புயல் நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே அடித்த காற்றில் ஓட்டுக்கூரையைப் பறிகொடுத்தவர், மேசை மேசையாக நடந்தார். "ஐயா, காத்துக்குத் தேதி பார்த்து வரத் தெரியலையே" என்றார். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கோப்பில் அவருக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

சரி, ஜூராவுக்குத் திரும்புவோம். 1890 ஒரு தனி விபத்து என்று விட்டுவிட முடியவில்லை. 1926 ஜூன் 12 அன்று, வடக்கே லா ஷோ தே ஃபோன் நகரத்தை ஒட்டிய பண்ணைவீடுகளையும் காடுகளையும் இன்னொரு சூறாவளி நாசமாக்கியது. சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்புசியே 1887இல் பிறந்தது இந்த லா ஷோ தே ஃபோனில்தான். கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டர் உயரத்தில், சதுரங்கக் கட்டம்போல நேர்த்தெருக்களோடு கட்டப்பட்ட கடிகார நகரம். பிறகு 1971 ஆகஸ்ட் 26 அன்று, 1890இல் அடிபட்ட அதே வல்லே தே ழூ மறுபடியும் அடிபட்டது. எண்பத்தோர் ஆண்டு இடைவெளியில் ஒரே பள்ளத்தாக்கு.

கடைசியாக நம் காலத்தில், 2023 ஜூலை 24. அன்று முற்பகல் லா ஷோ தே ஃபோனில் சில நிமிடமே அடித்த காற்றில் விமான நிலையக் கருவி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டியது. கட்டுமான வேலையில் நின்ற பாரந்தூக்கி சரிந்து ஒருவர் இறந்தார். நாற்பது பேர் அளவில் காயம். ஆயிரக்கணக்கான கட்டடங்கள் சேதமாயின. மக்கள் சூறாவளி என்றே பேசிக்கொண்டார்கள். வானிலை ஆய்வாளர்கள் ஆராய்ந்து, முக்கியக் காரணம் இடிமேகத்திலிருந்து கொட்டிய கீழிறங்கு காற்று என்றார்கள். ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலா பக்கமும் தெறிக்கும் அல்லவா, அதுபோல குளிர்ந்த காற்று மேகத்திலிருந்து விழுந்து தரையில் தெறிப்பது அது.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மரங்கள் சாட்சி சொல்லும். கீழிறங்கு காற்றில் மரங்கள் ஒரு நடுவிலிருந்து விசிறிபோல வெளியே பார்த்து விழும். சூறாவளியில் ஒடுங்கிய பட்டையாக, இரு பக்கத்து மரங்களும் உள்நோக்கிச் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கும். ஜூராவின் அடர்ந்த காடு இந்த வகையில் நல்ல ஆவணக்காப்பகம். ஆள் பார்க்காததை மரம் பதிவு செய்கிறது.

மேற்சொன்ன தேதிகளை மறுபடி பாருங்கள்: ஜூன் 12, ஜூலை 24, ஆகஸ்ட் 19, ஆகஸ்ட் 26. எல்லாம் கோடை. காரணம் விளங்காததல்ல. கோடையில் அட்லாண்டிக் பக்கமிருந்து குளிர்ந்த காற்று நெருங்கும்போது, அதற்கு முன்னால் ரோன், சோன் நதிச் சமவெளிகளின் வெக்கையும் ஈரமும் நிறைந்த காற்று தென்மேற்கிலிருந்து ஜூராவின் மேல் தள்ளப்படுகிறது. மலைச்சரிவு அதை மேலே தூக்குகிறது, இடிமேகம் திரள்கிறது. பள்ளத்தாக்குகளோ தென்மேற்கு வடகிழக்காக நீண்டவை. தரையோரக் காற்றை அவை வாய்க்கால்போலத் தம் போக்கில் திருப்புகின்றன. மேலே வானத்தில் காற்று வேறு வேகத்தில், வேறு திசையில் ஓடுகிறது. உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்து, ஒரு கையை முன்னும் ஒரு கையைப் பின்னும் நகர்த்தினால் பென்சில் உருளும். அதுபோலத்தான் காற்று உருளத் தொடங்குகிறது. அந்த உருளையை இடிமேகத்தின் மேலெழும் காற்று நிமிர்த்திவிட்டால் மேகமே சுழலும். அப்படிச் சுழலும் மேகங்களில் சிலவற்றிலிருந்துதான் கடும் சூறாவளி இறங்குகிறது. ஆக, தடுக்கும் என்று நினைத்த மலையின் அமைப்பே சில நாட்களில் காற்றுக்குத் துணைபோகிறது.

ஜூராவுக்கு மட்டும் உரிய செய்தியல்ல இது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, முழுக்க அப்பலாச்சிய மலைநாடு. எங்கள் மலையில் சூறாவளி வராது என்று அங்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1944 ஜூன் 23 மாலை ஷின்ஸ்டன் என்ற சுரங்க ஊரைச் சூறாவளி தாக்கி, அந்த வட்டாரத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1987 ஜூலை 21 அன்று வயோமிங் மாநிலத்தில் ஒரு சூறாவளி 3,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைமுகட்டையே தாண்டியது. சூறாவளியின் வலிமையை அளக்க அளவுகோல் வகுத்த ஜப்பானிய அறிஞர் ஃபுஜிதாவே அந்தக் காட்டை ஆராய்ந்து எழுதினார். நம் நாட்டிலும் 2024 மார்ச் 31 அன்று இமயமலை அடிவாரத்து ஜல்பைகுரி மாவட்டத்தில் சூறாவளி வீசி உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

அப்படியானால் மலையில் ஆபத்து சமவெளிக்குச் சமமா? இல்லை. அமெரிக்கச் சமவெளிகளில் வருவதைப்போல மலைகளில் வருவதில்லை. பொதுவாகக் குறைவுதான். ஆனால் குறைவு என்பதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஆளில்லாக் காட்டில் இறங்கியது யார் கணக்கிலும் ஏறாது. அதனால் மலைக்கணக்கு எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். மேலும் சமவெளியில் பத்து மைல் தூரத்திலேயே துதிக்கை கண்ணுக்குத் தெரியும். மலையில் அடுத்த வளைவு வரை தெரியாது. வானிலை ராடாரின் பார்வையையும் மலை மறைக்கும். சேன் குளோத் மக்களுக்குக் காற்று மலைக்கு மேல் தலைகாட்டியபோதுதான் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு ஓட நேரம் ஏது?

இன்னொரு பக்கம் மனித மறதி. 1890இல் பார்த்தவர்களில் 1971இல் உயிரோடு இருந்தவர் எத்தனை பேர்? பேரப்பிள்ளைக்குச் சொல்லப்படாத காற்று, வராத காற்று என்றே ஆகிவிடும். ஐரோப்பாவில் இந்த மறதிக்கு மருந்து தேடியவர்களில் ஒருவர் ஆல்பிரட் வெகனர். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன அதே வெகனர்தான். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917இல், ஐரோப்பாவில் நடந்த சூறாவளிகள் இருநூற்றைம்பதுக்கு மேல் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார். அப்படி எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான் இன்று 'அபூர்வம்' என்பதற்கும் 'நடக்காது' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரிகிறது.

காப்பீட்டுக் கதைக்கும் ஒரு முடிவு சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 1990 ஜூன் 25 தேதிச் சட்டம், தீக்காப்பீடு செய்த வீட்டுக்குப் பெருங்காற்றுச் சேதமும் சேர்ந்தே காக்கப்பட வேண்டும் என்று ஆக்கியது. சுவிட்சர்லாந்தில் காற்றின் பெயரைக் கேட்பதில்லை. மணிக்கு 75 கிலோமீட்டரோ அதற்கு மேலோ அடித்ததா, அக்கம்பக்கத்தில் மரங்கள் விழுந்தனவா, கூரைகள் போயினவா என்றுதான் பார்க்கிறார்கள். 2023இல் லா ஷோ தே ஃபோன் மக்கள், வந்தது சூறாவளியா கீழிறங்கு காற்றா என்ற வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஷத்னே மாளிகைக்காரர் மின்னலைத் தேடிப்போன காலத்திலிருந்து இது நல்ல தூரம். எழுதப்பட்ட ஒரு வரி விதி ஒரு குடும்பத்தை எவ்வளவு அலைச்சலிலிருந்து காப்பாற்றும் என்பது, மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்களுக்குத் தெரியும். நம் ஊரிலும் கூரை போனவரிடம் காற்றின் பெயரைக் கேட்காத நாள் வர வேண்டும் என்பது என் ஆசை. அந்த முதியவரின் கேள்விக்கு அதுதான் சரியான பதிலாக இருக்கும்.

நம் பக்கத்தில் மலையில்லை, கடல்தான் இருக்கிறது. ஆனாலும் சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை நேரம் வானம் கறுத்து, இடியோடு திடீரென்று காற்று கிளம்பினால், இது என்ன பெரிய புயலா என்று மொட்டைமாடியில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். ஜன்னலோரம் விட்டு, கீழ்த்தளத்தில் உள்ளறையில் கால் மணி நேரம் இருந்தால் போதும். தகரக்கொட்டகை, பழைய மரம், விளம்பரப் பலகை இவற்றின் கீழே ஒதுங்க வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இந்தக் கோடையில் உங்களில் சிலர் பிரான்சில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போவீர்கள். ஜூரா பக்கம் போக வாய்த்தால் அந்தக் காடுகளை நின்று பாருங்கள். இன்று வளர்ந்து நிற்கும் மரங்களில் பல, விழுந்தவற்றின் இடத்தில் முளைத்தவையாக இருக்கலாம்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.